டிபினு 5 வாரம் மாத்திரை போட்ட அப்பாவுக்கு வேற வியாதினு கண்டுபிடிச்ச ஆஸ்பத்திரி: தொற்றுநோய் பிரிவு, மைக்ரோபயாலஜி லேப் ரிவ்யூ

ஆஸ்பத்திரி ரிவ்யூனா டாக்டர் எப்படி பேசினாரு, ரூம் சுத்தமா இருந்துச்சா, கேன்டீன்ல இட்லி எப்படினுதான் எல்லாரும் எழுதுவோம், நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன். ஆனா இத நான் முக்கியமா ஒரு லேபுக்காக எழுதறேன். கீழ்த்தளத்துல உக்காந்து நோயாளியோட ரத்தத்தையும் சீழையும் தட்டுல வளத்து பாக்கறவங்கள பத்தி யாரும் ஒரு வரி எழுதி நான் படிச்சதில்ல, எங்கப்பா இன்னிக்கு திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கறாருனா அதுல பாதிக்கு மேல அவங்க வேலை.

அப்பாவுக்கு 59 வயசு, மன்னார்குடி பக்கம் ஊரு, சொந்தமா ரெண்டரை ஏக்கர் நெலம், சம்பா மட்டும் போடுவாரு. சுகர் 12 வருஷமா இருக்கு, மாத்திரை போடுவாரு ஆனா வயல் வேலை மும்முரமா இருந்தா மறந்துடுவாரு. போன ஐப்பசி மழையில நாத்து மூழ்கிடுச்சுனு நாலு நாள் விடாம தண்ணி வடிக்க வயல்லயே நின்னாரு, கால்ல ஏற்கனவே பித்தவெடிப்பு, அதுல ரத்தம் கசிஞ்சுகிட்டே இருக்கும், அதோடதான் சேத்துல நின்னிருக்காரு. பத்து நாள் கழிச்சு காய்ச்சல். குளிர் நடுக்கம், ராத்திரி வேர்த்து கொட்டும், சாப்பாடு இறங்கல, இருமல்.

பக்கத்து டவுன் நர்சிங் ஹோம்ல முதல்ல டைபாய்டுனாங்க, அப்புறம் நிமோனியானு 7 நாள் அட்மிட் பண்ணி ஜென்டாமைசின் ஊசியும் இன்னொரு ஊசியும் போட்டாங்க, கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்து வீட்டுக்கு வந்தோம், நாலாவது நாள் மறுபடி 103. எக்ஸ்ரேல நுரையீரல் மேல் பக்கம் வெள்ளையா தெரியுது, சுகர் இருக்கு, எடை குறைஞ்சுருக்கு, இது டிபிதான்னு சொல்லிட்டாங்க. சளி டெஸ்ட் ரெண்டு தடவை நெகட்டிவ்தான் வந்துச்சு, ஆனாலும் படத்தையும் அறிகுறியையும் வெச்சு டிபி மாத்திரை ஆரம்பிச்சாங்க. அவங்கள நான் திட்டப்போறதில்ல, எங்க பக்கம் சுகர் இருக்கறவங்களுக்கு மாசக்கணக்குல காய்ச்சல், எடை குறைவு, மேல் நுரையீரல்ல நிழல்னா பத்துல ஒம்பது டாக்டர் அதத்தான் சொல்லுவாங்க. எனக்கு ஆறாத ஒண்ணு வேற. அப்பவே சளிய கல்ச்சருக்கு, அதாவது கிருமிய வளத்து பாக்கற டெஸ்ட்டுக்கு, ஒரு சின்ன லேபுல குடுத்திருந்தோம், அதுல ‘சூடோமோனாஸ் வகை, வெளியிலேர்ந்து கலந்ததா இருக்கலாம்’னு ஒரு கிருமி பேர போட்டு ரிப்போர்ட் வந்துச்சு, அத யாரும் திரும்பி பாக்கல, ஃபைல்ல சொருகிட்டாங்க. அந்த காகிதத்துல தான் விடை இருந்திருக்கு.

5 வாரம் டிபி மாத்திரை. 68 கிலோ இருந்தவரு 57க்கு வந்துட்டாரு. அம்மா அவருக்குனு தனி தட்டு, தனி டம்ளர், என் பையன தாத்தா பக்கத்துல விடல, தெருவுல ரெண்டு வீட்டுக்காரங்க வர்றத நிறுத்திட்டாங்க. அவரு ஒண்ணும் சொல்லல, கொல்லைப்பக்க தாழ்வாரத்துல கட்டில போட்டுகிட்டு அங்கயே இருந்தாரு. இத எழுதும்போதே எனக்கு தொண்டைய அடைக்குது.

அப்புறம் ஒருநாள் ஒண்ணுக்கு போக முடியல. அடிவயிறு கல்லு மாதிரி, வலியில துடிச்சாரு, டியூப் போட்டு எடுத்தாங்க. ஒண்ணுக்கு பைக்கு கீழ ஆம்பளைங்களுக்கு இருக்கற புரோஸ்டேட் சுரப்பியில வயசானா வர்ற வீக்கம்தான், அதுக்கு தனியா மாத்திரை தர்றோம்னாங்க. நுரையீரல்ல டிபி, கீழ புரோஸ்டேட் வீக்கம், ரெண்டும் வேற வேறனு எழுதி ரெண்டு சீட்டு குடுத்தாங்க. எனக்கு மனசு ஒப்பல, திருச்சியில ஸ்கேன் சென்டர்ல சிடி எடுத்தோம், மண்ணீரல்ல சின்ன சின்னதா ஏழெட்டு சீழ் கட்டி, புரோஸ்டேட்லயும் ஒரு பெரிய சீழ் கட்டினு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே கார் புடிச்சு நாலு மணி நேரம் தள்ளி இருக்கற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போனோம். அங்க தொற்றுநோய்க்குனே தனி பிரிவு இருக்குனு என் கூட வேலை பாக்கற அக்கா சொன்னதுதான் காரணம். இந்த ரிவ்யூ அந்த ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஓபி பத்தி சுருக்கமா: காலைல 6 மணிக்கெல்லாம் டோக்கன் வரிசைல நிக்கணும், 11 மணிக்குத்தான் கூப்பிட்டாங்க, வீல் சேர் கிடைக்க அரை மணி நேரம் அலைஞ்சேன், பார்க்கிங் சுத்தமா இடமில்ல. இதுக்கெல்லாம் மார்க் குறைக்கறேன்.

ஆனா உள்ள போனப்புறம் அந்த டாக்டரம்மா கேட்ட கேள்விங்க வேற மாதிரி இருந்துச்சு. ஸ்கேன் ஃபிலிம கையில வாங்கறதுக்கு முன்னாடியே “அய்யா என்ன வேலை பாக்கறீங்க?”னு கேட்டாங்க. வெவசாயம்னாரு. “நடவு சமயத்துல வயல்ல எறங்குவீங்களா, செருப்பு போடுவீங்களா, கால்ல புண்ணு இருந்துச்சா, காய்ச்சலுக்கு முன்னாடி எத்தன நாள் மழையில நின்னீங்க, குடிக்கற தண்ணி எங்கேர்ந்து, சாராயம் பழக்கம் உண்டா”னு ஒண்ணு ஒண்ணா. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். ரெண்டு மாசத்துல அஞ்சு டாக்டர பாத்திருக்கோம், வயல பத்தி கேட்ட ஆள் இவங்க ஒருத்தர்தான். அப்பாவும் அன்னிக்குத்தான் வாய் தொறந்து பேசினாரு, நாத்து மூழ்கின கதையெல்லாம் சொன்னாரு, அவங்க குறுக்க பேசல. அப்புறம் பழைய ஃபைல முழுசா பொரட்டினாங்க. அந்த சூடோமோனாஸ் ரிப்போர்ட்ல நிறுத்தி, கூட இருந்த பிஜி (மேல்படிப்பு படிக்கற) டாக்டர்கிட்ட காட்டி, “இத லேபுக்கு எடுத்துட்டு போய் அவங்ககிட்ட நேர்ல சொல்லிடு, என்ன சந்தேகப்படறோம்னு தெரிஞ்சா தான் அவங்க அதுக்கேத்த மாதிரி தேடுவாங்க”னாங்க.

அன்னிக்கே அட்மிட். ரத்தம், ஒண்ணுக்கு, சளி, தொண்டையில பஞ்சு வெச்சு ஒண்ணு, எல்லாத்தையும் கல்ச்சருக்கு எடுத்தாங்க, மறுநாள் ஸ்கேன் பாத்துகிட்டே புரோஸ்டேட்லேர்ந்து ஊசி வழியா சீழ் எடுத்தாங்க. நல்லா கவனிங்க, முதல் ரத்தக் கல்ச்சர எடுத்துட்டுத்தான் ஊசி மருந்து ஆரம்பிச்சாங்க, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து ஏறிடுச்சு. ரிசல்ட்டுக்காக காத்திருக்கல.

மூணாவது நாள் மதியம், விசிட்டிங் டைம்கூட இல்ல, லேப் டாக்டர் ஒருத்தர் கீழேர்ந்து மாடி ஏறி வார்டுக்கே வந்தாரு. ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல ஏர்றதுக்கு முன்னாடி வாயால சொல்லிட்டு போகணும்னு வந்திருக்காரு. சீழ்ல, ரத்தத்துல ரெண்டுலயும் ஒரே கிருமி. பேரு பர்கோல்டீரியா சூடோமாலியை. வியாதி பேரு மெலியாய்டோசிஸ்.

இந்த பேர நாங்க யாரும் கேட்டதே இல்ல. மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் வாழற கிருமி, மழைக்காலத்துல மேல வரும், காலு கையில இருக்கற புண்ணு வழியா போகும், மூச்சு வழியா போகும், தண்ணி வழியாவும் போகலாம். நல்லா இருக்கறவங்கள பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, சுகர் இருக்கறவங்க, ரொம்ப குடிக்கறவங்க, கிட்னி பிரச்சனை இருக்கறவங்கதான் மாட்டுவாங்க, அதுலயும் சுகர்தான் முதல் காரணம். டிபி மாத்திரைக்கு இது அடங்காது. அவருக்கு முதல்ல 7 நாள் போட்ட ஜென்டாமைசினுக்கும் பொதுவா அடங்காது, கூட போட்ட இன்னொரு ஊசியில கொஞ்சம் அமுங்கி இருந்திருக்கும்னு சொன்னாங்க. சரியான மருந்து போடாம ரத்தத்துல பரவினா பொழைக்கறது ரொம்ப கஷ்டம்.

அந்த லேப் டாக்டர்கிட்ட நான் கேட்டேன், முன்னாடி லேபுல ஏன் சார் இத கண்டுபிடிக்கல, அவங்க தப்பு பண்ணிட்டாங்களானு. அவரு யாரையும் குறை சொல்லல. பாக்க சாதாரண சூடோமோனாஸ் மாதிரியேதான் இருக்கும், மெஷின்ல போட்டாகூட சில சமயம் இதோட சொந்தக்கார கிருமி பேர்ல ரிப்போர்ட் வந்துடும், அதனால எந்த மருந்துக்கு கிருமி அடங்குதுனு காட்டற தட்ட பாப்போம், ஜென்டாமைசின், கோலிஸ்டின்ங்கற மருந்துங்களுக்கு அசையாத கிருமி அமாக்ஸிக்ளாவ்ங்கற மருந்துக்கு அடங்குதுனா எங்களுக்கு மணி அடிச்சுடும், அப்புறம் அதுக்குனு இருக்கற டெஸ்ட்ட போட்டு உறுதி பண்ணுவோம்னாரு. போன்ல ஒரு போட்டோ காட்டினாரு. ஊதா நிற தட்டுல, காஞ்சு சுருக்கம் விழுந்த குட்டி குட்டி அப்பளம் மாதிரி இருந்துச்சு, நாலஞ்சு நாள் வெச்சாத்தான் இப்படி சுருங்கும், இது எங்ககிட்ட இருக்கற பழைய படம், உங்கப்பாவோடது இன்னும் வளருதுனாரு. இந்த கிருமிய சாதாரணமா மேசையில வெச்சு கையாள கூடாதாம், லேப்ல வேலை பாக்கறவங்களுக்கே மூச்சு வழியா தொத்தலாம்னு பாதுகாப்பு பெட்டிக்குள்ள வெச்சுதான் பாப்பாங்களாம். அமெரிக்கால இத உயிரி ஆயுதமா ஆகக்கூடிய கிருமிங்க பட்டியல்ல வெச்சிருக்காங்க. எங்கப்பா அது இருக்கற சேத்துலதான் வெறுங்காலோட 40 வருஷமா நிக்கறாரு.

அடுத்த நாள் ரவுண்ட்ஸ்ல டாக்டரம்மா பிஜி பசங்களுக்கு அப்பா கட்டில் பக்கத்துலயே பாடம் எடுத்தாங்க, முன்னாடியே அப்பாகிட்ட “அய்யா, உங்கள வெச்சு இவங்களுக்கு சொல்லிக் குடுக்கலாமா?”னு கேட்டாங்க, அவரு சரினாரு. இது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மாத்தி மாத்தி சொன்னதால எனக்கும் புரிஞ்சுது. 1912ல ரங்கூன் ஆஸ்பத்திரியில ஆல்ஃப்ரட் விட்மோர்னு ஒரு டாக்டரும் அவரு கூட இருந்த சி.எஸ். கிருஷ்ணசாமியும் சேந்து இறந்துபோன ஏழை ஜனங்களோட உடம்புல இத முதல்ல பாத்து எழுதினாங்களாம். விட்மோர் வியாதினு இதுக்கு இன்னொரு பேரே இருக்கு. கூட எழுதின கிருஷ்ணசாமி பேர்ல ஒண்ணும் இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்து பேர் வெச்ச ஒரு டாக்டர் எழுதி வெச்சதுனால எங்கப்பா கட்டிலுக்கு வந்த விடை இது, அதனால அவர் பேர இங்க நான் எழுதறேன்.

ஒவ்வொருத்தருக்கும் இது ஒவ்வொரு வேஷத்துல வருமாம். ஒருத்தருக்கு நிமோனியா, ஒருத்தருக்கு டிபி மாதிரியே மாசக்கணக்குல, ஒருத்தருக்கு ஆறாத புண்ணு, ஒருத்தருக்கு மூட்டுல சீழ், எலும்புல சீழ், மூளையில, பெரிய ரத்தக்குழாய் சுவத்துல. தாய்லாந்துல சின்னப் புள்ளைங்களுக்கு காதுக்கு கீழ இருக்கற எச்சில் சுரப்பியில வீக்கமா வருமாம், பொன்னுக்கு வீங்கினு நெனச்சுடுவாங்க. ஆஸ்திரேலியாவுல டார்வின் பக்கம் இந்த வியாதி வர்ற ஆம்பளைங்கள்ல கிட்டத்தட்ட 5ல ஒருத்தருக்கு புரோஸ்டேட்ல சீழ் இருக்கும், அதனால அங்க இதுனு தெரிஞ்ச உடனே காய்ச்சல் மட்டும் இருந்தாலும் வயித்து ஸ்கேன் எடுத்துடறாங்க. அப்ப எங்கப்பாவுக்கு ஒண்ணுக்கு அடைச்சது வயசு வீக்கமே இல்ல, நுரையீரல்ல இருந்த அதே வியாதிதான் கீழ எறங்கியிருக்கு. ரெண்டு சீட்டு, ஒரே நோய். இத அவங்க சொன்னப்போ அந்த ரெண்டு சீட்டும் என் பையில தான் இருந்துச்சு.

இன்னொண்ணு சொன்னாங்க, எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ரெண்டாம் உலகப்போர்ல ஆசியாவுல போர்க்கைதியா இருந்த ஒரு அமெரிக்கருக்கு 62 வருஷம் உடம்புக்குள்ள சத்தமில்லாம இருந்துட்டு அப்புறம் வெளிய வந்திருக்கு. அது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்துடும். 2021ல அமெரிக்கால நாலு பேருக்கு வந்துச்சு, அவங்க யாரும் வெளிநாடு போனதில்ல, கடைசியில பாத்தா இந்தியாவுல தயாரிச்ச ஒரு வாசனை ஸ்ப்ரே பாட்டில்ல அந்த கிருமி, அதுல ரெண்டு பேர் இறந்துட்டாங்க. அங்க நாலு பேருக்கு வந்தா தோண்டித் துருவி பாட்டில் வரைக்கும் போறாங்க. 2016ல வந்த ஒரு ஆய்வு உலகம் முழுக்க வருஷத்துக்கு 1,65,000 பேருக்கு வருது, 89,000 பேர் சாகறாங்கனு கணக்கு போட்டுச்சு, அதுல பெரிய பங்கு நம்ம தெற்காசியாதான். வேலூர் சிஎம்சி, மணிப்பால் கஸ்தூர்பா மாதிரி பெரிய மருத்துவக் கல்லூரிங்கள்லேர்ந்து வருஷக்கணக்கா இத பத்தி எழுதிகிட்டுதான் இருக்காங்க, எங்க டவுன் வரைக்கும் இன்னும் வரல.

சிகிச்சை பத்தி சொல்லணும்னா, பொறுமை வேணும், பணமும் வேணும். மெரோபெனம் ஊசி 8 மணி நேரத்துக்கு ஒருக்கா, சீழ் கட்டி இருந்ததால 28 நாள். மண்ணீரல்ல இருந்த சின்ன கட்டிங்கள ஒண்ணும் பண்ணல, மருந்துலயே கரைஞ்சுடும்னாங்க, கரைஞ்சுது. ஆரம்பத்துலயே டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லி வெச்சாங்க: “மருந்து சரியா வேலை செஞ்சாலும் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் இருக்கத்தான் செய்யும், பயந்துடாதீங்க, வேற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடிடாதீங்க.” சத்தியமா அத சொல்லாம இருந்திருந்தா ஏழாவது நாள் நாங்க ஓடியிருப்போம், என் சித்தப்பா அதுக்கு காரே பேசி வெச்சுட்டாரு. பதினோராவது நாள் காலைல தொட்டு பாத்தா நெத்தி ஜில்லுனு இருந்துச்சு. சிஸ்டர் தெர்மாமீட்டர் வெச்சு பாத்துட்டு “தாத்தாவுக்கு இன்னிக்கு காய்ச்சல் இல்ல”னு வார்டுக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க.

டிபி மாத்திரைய அங்க நிறுத்திட்டாங்க, சும்மா இல்ல, சீழ்லயும் டிபி டெஸ்ட் போட்டு இல்லைனு பாத்துட்டுதான். அம்மாகிட்ட கூப்பிட்டு சொன்னாங்க, இது ஆள்கிட்டேர்ந்து ஆளுக்கு தொத்தறது ரொம்ப ரொம்ப அபூர்வம், பேரன பக்கத்துல விடுங்க, டிபியா இருந்தாலும் தட்டு டம்ளர் வழியா பரவாதும்மானு. அம்மா அங்கயே அழுதுட்டாங்க.

மொத்த செலவு 2 லட்சத்து 60 ஆயிரம் கிட்ட வந்துச்சு, காப்பீட்டு அட்டையில கொஞ்சம் கழிஞ்சுது, மீதிக்கு நகை அடகு. அதுல பாதி அந்த ஊசி மருந்துக்கே. கல்ச்சர் டெஸ்ட்டுங்களுக்கு எல்லாம் சேத்து நாலாயிரத்து சொச்சம்தான். ரெண்டு மாசம் அதுக்கு முன்னாடி நாங்க அலைஞ்சதுக்கு ஆன செலவு 80 ஆயிரம் தாண்டும்.

குறைங்களும் சொல்லணும். வார்டு பாத்ரூம் ராத்திரி 10 மணிக்கு மேல சுத்தம் பண்ண ஆள் கிடையாது, ஒண்ணுக்கு டியூபோட இருக்கற நோயாளிய வெச்சுகிட்டு ரொம்ப கஷ்டப்பட்டோம். அட்டெண்டருக்கு படுக்க பாய் மட்டும்தான். பில்லிங் கவுன்டர்ல கேட்டா ஒழுங்கா பதில் வராது. பெரிய குறை ஒண்ணு இருக்கு: டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டுல என்ன செய்யணும்னு குடுத்த ரெண்டு பக்க தாளு, எல்லாம் இங்கிலீஷ்ல. வர்ற நோயாளி பாதி பேரு வெவசாயி, அவங்களுக்கு அத யார் படிச்சு சொல்லுவா? ஏன்னா வீட்டுக்கு வந்தப்புறம்தான் ரெண்டாவது கட்டம், கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுனு 3 மாசம். காய்ச்சல் போயிடுச்சே, உடம்பு தேறிடுச்சேனு நடுவுல நிறுத்தினா கிருமி திரும்பி வரும். அந்த மாத்திரையில கிட்னி அளவு, பொட்டாசியம், ரத்த அணு எல்லாம் மாறலாம்னு முதல்ல வாரம் ஒருக்கா ரத்தம் பாக்கணும், தோல்ல தடிப்போ வாயில புண்ணோ வந்தா உடனே வரணும். இவ்வளவும் அந்த இங்கிலீஷ் தாள்லதான் இருந்துச்சு. அப்பா பக்கத்து கட்டில்ல இருந்த ஒரத்தநாடு பக்கத்து அண்ணன் அத மருந்து கடை பில்லுனு நெனச்சு பைக்குள்ள மடிச்சு வெச்சுட்டாரு, நான்தான் பிரிச்சு படிச்சு காட்டினேன்.

வயல் வேலைக்கு ரப்பர் பூட்ஸ், கையுறை போடுங்க, வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில சோப்பு போட்டு கழுவுங்க, காலு வெடிப்ப ஆற வைங்க, மழை நாள்ல தண்ணிய காய்ச்சி குடிங்கனு சொல்லி அனுப்பினாங்க. “டாக்டரம்மா, பூட்ஸோட ஒழவு சேத்துல எறங்கினா காலு உள்ளயே மாட்டிக்கும், பூட்ஸ் மட்டும் நிக்கும், நான் மட்டும்தான் வெளிய வருவேன்”னு அப்பா சொன்னாரு. அவங்க சிரிச்சுட்டு விட்டுடல. யோசிச்சு, “அப்ப சுகர கையில புடிச்சுக்கோங்க, அதுதான் உங்களுக்கு பெரிய பூட்ஸ், புண்ணு இருக்கற அன்னிக்கு மட்டும் எறங்காதீங்க, ஆள் விடுங்க, வரப்பு வேலைக்கு பூட்ஸ் போடுங்க”னாங்க. அந்த மூணையும் அவரு செய்யறாரு, நாங்க சொல்லி ஒரு நாளும் கேக்காத மனுஷன். மூணு மாச சராசரி சுகர் 11லேர்ந்து 7.4க்கு வந்திருக்கு. எடை 64.

அங்க போறவங்களுக்கு: பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிம், முக்கியமா பழைய லேப் ரிப்போர்ட் எல்லாத்தையும், உபயோகமில்லைனு சொன்னதையும் சேத்து, எடுத்துட்டு போங்க. சொந்தக்காரங்க யாருக்காவது சீழ் எடுக்கறாங்கனா, எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, அத கொட்டிடாம கல்ச்சருக்கு அனுப்பறீங்களானு ஒரு வார்த்தை கேளுங்க, வெவசாயம் பாக்கறவரு, சுகர் இருக்குனும் சேத்து சொல்லுங்க.

என் மார்க்: தொற்றுநோய் பிரிவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. லேபுக்கும் அஞ்சு. பில்லிங், பாத்ரூம், பார்க்கிங் மூணுக்கும் சேத்து ரெண்டு.

போன மாசம் மூணு மாச செக்கப்புக்கு போனப்போ அந்த ரெண்டு பக்க தாள நானே தமிழ்ல எழுதி, மாத்திரை நேரம், எந்த அறிகுறி வந்தா ஓடி வரணும், எப்ப ரத்தம் குடுக்கணும் எல்லாம் பெரிய எழுத்துல போட்டு, டாக்டரம்மாகிட்ட குடுத்தேன். அவங்க வாங்கி படிச்சு பேனால ரெண்டு இடத்துல திருத்தினாங்க, ஒரு எடத்துல நான் பொட்டாசியம்னு எழுதினத அடிச்சுட்டு ‘ரத்தத்துல உப்பு அளவு’னு மாத்தினாங்க. 50 காப்பி எடுத்து வார்டு சிஸ்டர்கிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன், தீந்தா போன் பண்ணுங்கனு சொல்லியிருக்கேன்.